தலைப்பு: முற்றுப்புள்ளி வைக்காதே

ஒரு முற்றுப்புள்ளி வைத்ததற்காக ஒரு மனிதனைத் திருப்பி அனுப்புவார்களா? என்னை அனுப்பினார்கள். அதுவும் உலகமே படிக்கிற மெயில் பட்டியலில், நான் முகம்கூடப் பார்த்திராத ஒருவர். மூன்றே வரிதான் எழுதியிருந்தார். "தலைப்பில் பகுதியின் பெயர் இல்லை. இறந்த காலத்தில் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் முற்றுப்புள்ளி இருக்கிறது." வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது, வேலை சுத்தமாக இருக்கிறது என்று பேச்சுக்குக்கூட ஒரு வார்த்தை கிடையாது. அன்றைக்கே அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் இன்றுவரை அவருக்கு அதுதான் பெயர்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். என் மாமியார் அக்கம்பக்கத்தில் "எங்க மாப்பிள்ளை டிரைவர் எழுதறார்" என்று சொல்லிவைத்திருக்கிறார். "லாரியா, பஸ்ஸா?" என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் தெரியாது, உக்காந்த இடத்துலயே ஓட்டறார்" என்பது அவர் பதில். கணினிக்கும் அதில் செருகுகிற கருவிக்கும் நடுவில் நின்று பேசுகிற துபாஷிக்குத்தான் டிரைவர் என்று பெயர். இதில் ஒரு வகை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து போட்டது. நாம் செய்கிற திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். அதற்கு ஒரு தலைப்பு வரி எழுதி, அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளராக இருப்பவருக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால் ஊர் உலகத்துக்கெல்லாம் போய்ச் சேரும். ஏற்றுக்கொள்ளாவிட்டால், மேலே சொன்ன மூன்று வரி வரும்.

எனக்கு இது சம்பளத்துக்குச் செய்கிற வேலை இல்லை. ஆனாலும் பத்து வருடமாகச் செய்கிறேன், எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேட்ச் என் மனைவியின் பெடலுக்கானது. அவளுக்குக் கேட்டு எழுதுகிற தொழில். கூட்டங்கள், விசாரணைகள், வாக்குமூலங்கள் எல்லாம் ஒலிப்பதிவாக வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டபடியே தட்டச்சு செய்வாள். கை கீபோர்டை விட்டு எடுக்கக் கூடாது என்பதற்காக மேஜைக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் மூன்று பெடல். நடுவில் மிதித்தால் பேச்சு ஓடும். இடதில் மிதித்தால் பின்னால் போகும். வலதில் மிதித்தால் முன்னால் போகும். பதினேழு வருடம் மிதித்து வலது பெடலின் ரப்பர் வழுக்கை விழுந்துவிட்டது.

அவளுடைய பழைய கணினியை இரண்டு மாதத்துக்கு முன்பு நான்தான் வற்புறுத்திப் புதுப் பதிப்புக்கு மாற்றினேன். வேண்டாம், ஓடுகிறதை ஓட விடுங்கள் என்றாள். நான் கேட்கவில்லை. மறுநாள் காலை பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, பெடல் தப்பாப் போகுது. முன்னாடி போக மிதிச்சா பின்னாடி போகுது."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். "நீ மாத்தி மிதிக்கற."

மூன்றே வார்த்தை. அவள் நம்பிவிட்டாள். டிரைவர் எழுதுகிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். வலது செருப்பில் சிவப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். வெறுங்காலோடு பார்த்தாள். மாமியார் மகளின் காலைத் தன் மடியில் போட்டுத் தைலம் தேய்த்துவிட்டார். இரண்டாவது வாரம் டாக்டரிடம் போனாள். அவர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, வயது என்ன என்று கேட்டு, நாற்பத்து மூன்று என்றதும் "அப்படித்தான் இருக்கும்" என்றாராம். வீட்டுக்கு வந்து அதை மட்டும் சொன்னாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை, உருண்டுபோன திருகாணி ஒன்றைத் தேடி அவள் மேஜைக்கடியில் தவழ்ந்தேன். எழும்போது கட்டைவிரல் வலது பெடலில் பட்டது. பேச்சு பின்னால் போனது. மறுபடி அழுத்தினேன். பின்னால்தான் போனது. என் கட்டைவிரலுமா மாற்றி மிதிக்கும்?

"ஏய், இது டிரைவர் கோளாறு!" என்று மேஜைக்கடியிலிருந்தே கூவினேன், புதையல் எடுத்தவன்போல. அவள் குனிந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

திருத்துவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வரியை இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் கணினியில் அன்றைக்கே சரியாகிவிட்டது. ஆனால் அவளுக்கு வேண்டியது வீட்டில் இல்லை. நடுவர் மன்றத்தின் பதிவுப் பிரிவில் நிரந்தர வேலை ஒன்று காலியாகியிருந்தது. இருபத்து நான்காம் தேதி தேர்வு. பத்து நிமிட விசாரணையை நாற்பது நிமிடத்தில் பிழையில்லாமல் எழுதித் தர வேண்டும். பெடலை அவரவர் கொண்டுவரலாம், ஆனால் கணினி அவர்களுடையது. அதிலும் இதே புதுப் பதிப்புதான். பதினேழு வருடமாகத் துண்டு துண்டாக வருகிற வேலையை வீட்டில் உட்கார்ந்து செய்தவளுக்கு, தனக்கென்று ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பதவி. இதற்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

அங்கே போய் விசாரித்துவிட்டு வந்தாள். அந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர்காரர் கறாராகச் சொல்லியிருக்கிறார். "வீட்டுக்காரர் செஞ்சு குடுத்தார்னு எதையும் உள்ள விட மாட்டேம்மா. பொறுப்பாளர் ஏத்துக்கிட்டாருன்னா சொல்லுங்க, அந்த ஒண்ணை மட்டும் எடுத்து அன்னைக்கே போட்டுடறேன்."

"இருபத்தாறு நாள் இருக்கு," என்றாள் அவள். "முடியுமா?"

"ரெண்டு வரி. ரெண்டு நாள்," என்றேன்.

அப்படித்தான் அந்த முதல் பேட்ச் போனது. தலைப்புகளை ஆங்கிலத்தில்தான் எழுதினேன், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். "பிரச்சினையைச் சரிசெய்தேன்." முற்றுப்புள்ளியோடு. பதில் என்ன வந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது முறை கோப்பின் முழுப் பெயரையும் வால் முதல் தலை வரை தலைப்பில் போட்டு அனுப்பினேன். "அந்தக் கோப்பின் பழைய பதிவேட்டைப் பாருங்கள். மற்றவர்கள் என்ன பெயர் போட்டிருக்கிறார்களோ அதையே போடுங்கள்" என்று வந்தது.

"இதுல என்ன தப்பு? முழுப் பேரு போட்டா குத்தமா?" என்று வீட்டில் குதித்தேன்.

"அவர் சொல்றது சரிதானே," என்றாள் மனைவி. "தெருவே மஞ்சள் வீடுன்னு சொல்லுது. நீங்க மட்டும் தபால்காரர்கிட்ட 'ரெண்டு மாடி, கிழக்கு வாசல், இரும்பு கேட்'டுன்னு சொன்னா லெட்டர் எப்படி வந்து சேரும்?"

யார் எப்போது என்ன திருத்தினார்கள் என்று வரிசையாகத் தலைப்புகள் கிடக்கிற அந்தப் பதிவேட்டில் எல்லோரும் "பெடல்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி வைத்து, அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்திருந்தார்கள். சரி என்று மூன்றாவது முறை எழுதினேன். "பெடல்: வலதை மிதித்தால் பின்னால் போகிறது". முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை.

பதில் வர ஐந்து நாள் ஆனது. "இது புகார். என்ன நடக்கிறது என்று சொல்லாதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடுங்கள்."

இங்கே என் மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் எட்டு வருடமாக எங்களோடு இருக்கிறார். இதுவரை என்னிடம் ஒரு கட்டளைகூட இட்டதில்லை. "ஃபேன் சும்மா ஓடுது" என்பார். "வாசல்ல யாரோ நிக்கறாப்பல இருக்கு" என்பார். "கத்தரிக்கோல் இருந்த இடத்துல இல்ல" என்பார். நடப்பதை மட்டும்தான் சொல்வார். எழுந்து போய் ஃபேனை நிறுத்துவதும், கதவைத் திறப்பதும், கத்தரிக்கோலைத் தேடித் தருவதும் மாப்பிள்ளையின் பொறுப்பு. கத்தரிக்கோலை இடம் மாற்றியதும் நான்தான் என்பது வேறு விஷயம். இழுப்பறை கன்னாபின்னா என்று கிடந்தால் எனக்குக் கை அரிக்கும், எல்லாவற்றையும் உயர வாரியாக அடுக்கிவைத்துவிடுவேன். அப்புறம் வீட்டில் யாருக்கும் எதுவும் கிடைக்காது. சொல்ல வந்தது, இப்படி எட்டு வருடம் புகாரையே கட்டளையாகக் கேட்டுப் பழகியவன், கட்டளையைக் கட்டளையாக எழுது என்றால் எங்கே போவேன்?

இதைச் சொன்னதும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் காலை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "குழாய்: வாஷரை மாற்று". அதன் கீழே இன்னொன்று. "இழுப்பறை: கை வைக்காதே".

"ஏண்டி, மாப்பிள்ளையைப் போய் மாத்து, வைக்காதேன்னு எழுதுவியா? யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்று மாமியார் பதறினார்.

"அவங்க பேட்ச் எழுதற முறைம்மா அது. மரியாதையெல்லாம் சேத்தா எழுத்து கூடிடும்."

மாமியார் இரண்டு நாள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு போனார், வந்தார். மூன்றாம் நாள் நடுங்குகிற எழுத்தில் அவருடைய சீட்டு ஒன்று ஏறியது. "ஃபேன்: நிறுத்து". கீழே பொடி எழுத்தில், "மாப்பிள்ளை தப்பா எடுத்துக்க வேண்டாம்". எட்டு வருடத்துத் தேக்கம் உடைந்தால் சும்மா விடுமா? அந்த வாரத்துக்குள் ஃபிரிட்ஜின் நிறமே தெரியவில்லை.

நான்காவது பேட்சில் ஒரேயடியாகக் கட்டளையிட்டேன். எவ்வளவு நீளம் என்றால், பட்டியலில் அது "பெடல்: வலது பெடலையும் இடது பெடலையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றி முன்" என்று பாதியில் அறுந்து தொங்கியது. முற்றுப்புள்ளி இரண்டே சொல்லில் பதில் போட்டார். "நீளம். சுருக்கவும்."

"இதுக்கு மேல எப்படிச் சுருக்கறது? அந்த ஆளுக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு எங்கிட்ட சொல்லுங்க," என்று மனைவி எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான் சொன்னேன். பத்து நிமிடம் சொன்னேன். கருவியின் சரித்திரம், அதைச் செய்த கம்பெனி எப்படி மூடப்பட்டது, பட்டியலில் எண்கள் எப்படி வரும், எல்லாம் சொன்னேன். சுற்றி வளைத்துப் பேசுகிற சாட்சிகளைப் பதினேழு வருடம் கேட்டவள் அவள். கடைசியில் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினாள்.

"பெடல்: இடம் வலம் மாற்று".

ஐந்தாவது பேட்ச் அந்தத் தலைப்போடு போனது. "தலைப்பு சரி" என்று பதில் வந்தபோது நான் ஹாலைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினேன். உட்கார்ந்த பிறகுதான் அடுத்த வரியைப் படித்தேன். "இதை எந்தப் பழைய பேட்ச் கெடுத்தது? அதன் தலைப்பை அப்படியே மேற்கோள் காட்டி ஒரு வரி சேர்க்கவும். கோளாறை முதலில் சொன்னவர் பெயரையும் சேர்க்கவும்."

தேர்வுக்கு இன்னும் ஐந்து நாள்.

கெடுத்தவனைக் கண்டுபிடி என்று மேலிடத்திலிருந்தே உத்தரவு வந்துவிட்டது. வீடே உற்சாகமாகிவிட்டது. மாமியார் நாற்காலியை என் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தப் பச்சைப் புள்ளையோட காலைக் கெடுத்தானே, அவன் கை விளங்குமா?"

"கையை விடும்மா," என்றாள் மனைவி. "அவனுக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா அவளை நினைச்சுப் பாரு. வீட்டுல என்னென்ன படுத்தறானோ. பாவம்."

"பாவம்தான்," என்றேன் நானும் மனப்பூர்வமாக.

பதிவேட்டில் பத்தொன்பது தலைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தேன். விளக்கு, மின்சாரம், எழுத்துப் பிழை என்று போய்க்கொண்டே வந்து ஒன்றில் கண் நின்றது. "பெடல்: பொத்தான் பட்டியலைத் திருத்தி எழுது". எழுதியவர் முன்பின் தெரியாத யாரோ ஒருவர். சிக்கினான்! உள்ளே திறந்து பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. தலைப்பே காட்டிக்கொடுக்கிறதே. அவரைக் குற்றவாளியாக்கி, அந்த அவசரத்தில் முதலில் சொன்னவர் பெயரைப் போட மறந்து, ஆறாவது பேட்சை அனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கவனக்குறைவாகச் செய்கிற ஒரு காரியம் எங்கோ ஒரு வீட்டில் என் மனைவியைப் போன்ற ஒரு பெண்ணின் தேர்வையே பாழாக்கும் என்பதைச் சம்பந்தப்பட்டவர் உணர வேண்டும் என்று உபதேசமும் ஒரு பத்தி சேர்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது. எனக்கு வந்த மெயில்களிலேயே மரியாதையான மெயில் அதுதான். "பார்த்துச் சொன்னதற்கு நன்றி. நான் அந்தப் பட்டியலில் பெயர்களை மட்டும்தான் மாற்றினேன். வரிசை எனக்கு முன்பே அப்படித்தான் இருந்தது. இதற்கு முந்தைய பேட்சைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மனைவியின் தேர்வு நல்லபடியாக நடக்கட்டும்."

முந்தைய பேட்சின் தலைப்பு, "சின்னச் சின்னத் திருத்தங்கள்." பகுதியின் பெயர் இல்லை. கட்டளை இல்லை. கடைசியில் முற்றுப்புள்ளி. பதிவேட்டை ஒன்பது முறை படித்திருப்பேன், ஒன்பது முறையும் என் கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. அந்தத் தலைப்பில் நின்று படிக்க என்ன இருக்கிறது?

எழுதியவர் பெயரைப் பார்த்தேன். என் பெயர். அதே பெயரில் வேறு யாராவது இருக்கக் கூடாதா என்று ஐந்து நிமிடம் நம்பிப் பார்த்தேன். மெயில் முகவரியும் என்னுடையதுதான்.

நினைவு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு விடுமுறை நாள். டிரைவரின் பொத்தான் பட்டியலில் வலது, நடு, இடது என்று தலைகீழாகக் கிடந்தது. கை அரித்தது. இடது, நடு, வலது என்று அழகாக அடுக்கினேன். கருவியே தலைகீழாகத்தான் எண்ணை அனுப்பும், அதனால்தான் பட்டியலும் தலைகீழாக இருந்தது என்பது எனக்குத் தோன்றவில்லை. மிதித்துப் பார்க்கவும் இல்லை. அந்தப் பெடல் அப்போது என்னிடமிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில், பக்கத்து அறை மேஜைக்கடியில் கிடந்தது. அவள் கணினி பழைய பதிப்பிலேயே ஓடியதால் என் தப்பு இத்தனை நாள் அவளிடம் வந்து சேரவில்லை. அன்றைய பொறுப்பாளர் வேறு ஒரு நல்ல மனிதர். எதையும் கேட்கமாட்டார். "நன்றி, ஏற்கப்பட்டது" என்று எழுதி ஒரு சிரித்த முகத்தையும் போட்டிருந்தார். அவர்மேல் எனக்கு அப்போது அவ்வளவு பிரியம்.

மாமியார் காபியோடு வந்து நின்றார். "அந்த ஆளு கெடைச்சானான்னு உள்ள கேக்கறா."

"தேடிட்டிருக்கேன் அத்தை."

"ரொம்பத் தூரத்துல இருக்கானோ?"

"இல்ல அத்தை. பக்கம்தான்."

எனக்கு இரண்டு வழி இருந்தது. கோளாறை முதலில் சொன்னவர் என்று ஒருவர் பெயரைப் போட்டால் அவருக்கும் மெயிலின் நகல் போகும். அவள் பெயரைப் போட்டால் அவளுக்குப் போகும். அவள் எதையும் விட்டுவைக்காமல் படிப்பவள். அவள் பெயருக்குப் பதிலாக என் பெயரைப் போட்டால் அவளுக்குத் தெரியவே தெரியாது. கண்டுபிடித்தது என் கட்டைவிரல்தானே? பொய்யும் ஆகாது. அப்படித்தான் எழுதினேன். எழுதி முடித்து அந்த வரியைப் பார்த்தபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. முதலில் சொன்னது அவள். சொன்ன அன்றைக்கே வாயை அடைத்தது நான். இப்போது சொன்னதே நான்தான் என்று உலகத்துக்கு எழுதிக் கொடுக்கவா? அழித்துவிட்டு அவள் பெயரைப் போட்டேன். காலை பதினொரு மணிக்கு ஏழாவது பேட்ச் போனது.

பக்கத்து அறையில் மெயில் வந்த சத்தம் கேட்டது. தட்டச்சு நின்றது. பிறகு ஹெட்போன் கழுத்தில் தொங்க வாசற்படியில் வந்து நின்றாள்.

"சின்னச் சின்னத் திருத்தங்கள்," என்றாள். "முற்றுப்புள்ளியோட."

"ஆமா."

"அப்ப நான் யாரைப் பாவம்னு சொன்னேன்?"

"மன்னிச்சுடு," என்றேன்.

நம் மொழியில் மன்னிப்புக் கேட்பதே கட்டளையாகத்தான் இருக்கிறது, கவனித்தீர்களா? சின்ன வார்த்தை, கட்டளை வடிவம். முற்றுப்புள்ளியே வந்தாலும் இதில் குறை கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தேன்.

"எந்தப் பகுதின்னு போடலையே," என்றாள்.

"பெடல்: மன்னிச்சுடு."

அவள் தலையை ஆட்டினாள். "அந்தப் பகுதி இல்ல. பழைய பதிவேட்டைப் பாருங்க."

போய்விட்டாள். தட்டச்சு மறுபடி கேட்டது.

முற்றுப்புள்ளி அன்று மாலையே பதில் போட்டார். "ஏற்கப்பட்டது." ஒரே வார்த்தை, கடைசியில் முற்றுப்புள்ளி. அதைச் சுட்டிக்காட்டினேன், வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவள் கம்ப்யூட்டர்காரருக்கு அனுப்பினாள், அவரும் சொன்னபடி போட்டுவிட்டார். வேலை முடிந்தது. ஆனால் வீட்டில் சத்தமே இல்லை. ஃபிரிட்ஜில் புதுச் சீட்டு எதுவும் ஏறவில்லை. நான் கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் சீட்டில் எழுதுகிற மாற்று, வைக்காதே எல்லாம் போய், நீங்க, வாங்க என்று பரிபூரண மரியாதையோடு. இரண்டாம் நாள் மாமியார் என் பக்கம் வந்து, "வீடு ரொம்ப அமைதியா இருக்கு" என்றார். அவர் சொன்னால் அது தகவல் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

எந்தப் பகுதி என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. புதுப் பதிப்புக்கு மாற்றியதா? பாவப்பட்ட அந்த மனிதர்மேல் பழி போட்டதா? இழுப்பறையா? எதைச் சொன்னாலும் "இல்ல" என்றாள்.

இருபத்து நான்காம் தேதி காலை. பெடலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டினாள். வலது செருப்பில் அந்தச் சிவப்பு டேப் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் அழுக்கேறி, பாதி உரிந்து.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நீ மாத்தி மிதிக்கற. பெடலைக் கெடுத்தது மூன்று வருடத்துக்கு முன்பு, தெரியாமல் செய்தது. இதை நான் கண்ணைக்கூடத் தூக்காமல் சொன்னேன். இரண்டு வாரம் அவள் தன் காலையே சந்தேகப்பட்டுக்கொண்டு நடந்தாள். சுத்தியலால் தட்டிப் பார்க்கக் கொடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. சட்டென்று கீழே உட்கார்ந்து, அவள் கால் செருப்பில் இருக்கும்போதே, அந்த டேப்பை நகத்தால் சுரண்டி உரித்தேன்.

"கால்," என்றேன். "கால்: மன்னிச்சுடு."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"டாக்டர்கிட்ட போயிட்டு அந்த வாசல் படியிலயே அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்," என்றாள். "காலு போச்சு, வேலை போச்சு, இனிமே என்ன செய்யறதுன்னு. நீங்க ஒரு தடவை எழுந்து வந்து மிதிச்சுப் பாத்திருந்தா போதும்."

"ஆமா," என்றேன்.

உள்ளிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். மகள் நிற்கிறாள், காலடியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். வழக்கம்போல நடப்பதைச் சொன்னார். "பஸ்ஸுக்கு நேரமாகுது."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏத்துக்கிட்டேன், எழுந்திருங்க," என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். வலது காலைத்தான் முதலில் வைத்தாள்.

பதினொரு பேர் எழுதினார்களாம். நாற்பது நிமிடம் கொடுத்ததில் இவள் முப்பத்திரண்டில் முடித்துவிட்டாள். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் மாமியார்தான் எனக்குச் சொன்னார், அவள் வந்ததும் வராததுமாகக் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் என் பெட்டியில் மெயில் வந்த சத்தம். உலகமே படிக்கிற அந்தப் பட்டியலில், முற்றுப்புள்ளிக்கும், நான் பழி போட்ட அந்த நல்ல மனிதருக்கும், எனக்கும் சேர்த்து அவள் எழுதியிருந்தாள். சோதித்துப் பார்த்தவர் என்று போட்டு அவள் பெயர். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி.

"என் வலது கால் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது."

தலைப்பு இல்லை, உள்ளே எழுதுகிற வரி. அதனால் முற்றுப்புள்ளி வைத்திருந்தாள்.